முக்கால் பவுன்

பவுனுக்குத் தன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். ஆரணியிலோ வேலூரிலோ பிறந்திருந்தால் அந்தப் பெயரில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தெருவுக்கு ஒரு பவுனம்மா இருப்பாள். இவள் பிறந்தது புனேயில், கட்கியில். அப்பா கோவிந்தராஜுக்கு அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தலைச்சன் பெண்ணின் நிறத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் ஆசையாக வைத்த பெயர் அது. மராத்தியில் 'பாவூண்' என்றால் முக்கால். அத்தனை வருஷம் அந்த ஊரில் பாலும் பருப்பும் வாங்கிய மனுஷனுக்கு அது அந்த நேரத்தில் எப்படித்தான் மறந்ததோ தெரியவில்லை. இரண்டாவது பெண் பிறந்தபோது புத்தி வந்து, ஊரோடு ஒத்துப்போகிற மாதிரி ராஜஸ்ரீ என்று வைத்தார்.

மராத்திப் பள்ளியில் டீச்சர் பெயர் கூப்பிட்ட முதல் நாளே வகுப்பு சிரித்துவிட்டது. வேறு பெண்ணாக இருந்தால் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். பவுன் அந்தப் பெயருக்குத் தகுந்தாற்போல இருந்ததுதான் வினை. வகுப்பிலேயே குள்ளம். கழுத்து அகலம், பின்கழுத்தில் முடி சட்டைக் காலர் வரை இறங்கியிருக்கும். மூன்று வயது சின்னவளான ராஜஸ்ரீ கிடுகிடுவென்று வளர்ந்து அக்காவின் தோளைத் தாண்டிய பிறகு, பையன்கள் ராஜஸ்ரீயை 'ஒண்ணு' என்றும் இவளை 'முக்கால்' என்றும் கூப்பிட்டார்கள்.

படிப்பில் ஒரு விசித்திரம் இருந்தது. பேச்சும் பாடமும் தண்ணீர் பட்ட பாடு. மராத்தி, இந்தி இரண்டையும் பிசிறில்லாமல் பேசுவாள். தமிழை யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்து வீட்டு மேரி அக்கா வாங்கும் வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் கணக்கு என்றால் கவிழ்ந்துவிடுவாள். பழகின வழி கொஞ்சம் மாறினாலும் தொலைந்துபோவாள். சிவாஜிநகர் போக வேண்டியவள் எதிர்ப்பக்க லோக்கலில் ஏறி தேஹு ரோடில் இறங்கி அழுதுகொண்டு நின்ற கதையை, ஒரே நடையில் வரிசையாக வீடுகள் இருந்த அந்தச் சாளின் எட்டு வீட்டுக்காரர்களும் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். அதைவிடக் கஷ்டம், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க அவளுக்கு வராது. விளையாட்டுக்குச் சொன்னால் மெய்யென்று எடுத்துக்கொள்வாள். கோபமா வருத்தமா என்று வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அம்மா லீலா இதற்கு வைத்திருந்த ஒரே பெயர் மக்கு. பவுனும் அப்படித்தான் நம்பினாள்.

தொண்ணூற்று மூன்றில் பவுனுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. சாளில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் சடங்கு ஆகிவிட்டது. குழாயடியில் லீலாவைப் பார்த்தாலே, "பெரியவ இன்னும் உட்காரலியா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு. லீலாவுக்குத் தலையில் இருக்கும் குடத்தை விட அந்தக் கேள்விதான் கனம்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் ஒரு காலை, பன்னிரண்டு வயது ராஜஸ்ரீ பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள். சின்னவள் முந்திக்கொண்டாள். லீலா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். சின்னவளுக்குத் துணி கொடுத்து, வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லிப் பீரோவுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மேரி, எங்க பெரியவ உட்கார்ந்துட்டா" என்றாள்.

அவ்வளவுதான். தங்கைக்கு வந்தது அக்காவுக்கு வந்ததாக ஆனது. இதைத் தீர்மானிக்க லீலா எடுத்துக்கொண்ட நேரம், ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு மண்டியில் பேரம் பேசுகிற நேரம்கூட இல்லை. கோவிந்தராஜுக்கே சொல்லவில்லை. ஆம்பிளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம் என்பது அவள் கட்சி.

ஆரணியில் தறி வைத்திருந்த தாய்மாமன் சீர்வரிசையோடு ரயிலேறி வந்தார். பச்சை ஓலைக்குடிசை கட்டித் தருவது மாமன் கடமை. புனேயில் தென்னை ஓலைக்கு எங்கே போவது? கரும்புச் சாறு கடைக்காரரிடம் கேட்டுத் தோகை வாங்கி வந்து நடையிலேயே ஒரு குடிசை நிறுத்தினார். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பட்டுப்பாவாடை, தாவணி, தலை நிறையப் பூ. சாளே கூடி நின்று பவுனைப் பார்த்தது. மாமன் கொண்டு வந்த தங்கக் கம்மலைத் தட்டில் வைத்து, "இந்த வருஷம் தறி சரியில்ல, முழுசா முடியல. பவுனுக்கு மாமன் செஞ்சது முக்கால் பவுனு" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாமனுக்குப் பள்ளிக்கூடப் பட்டப்பெயர் எப்படித் தெரிந்தது என்று பவுனுக்கு உடம்பு கூசியது.

ஆனாலும் அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிறந்ததிலிருந்து யாரும் அவளை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. பெரிய மனுஷி, பெரிய மனுஷி என்று கிழவிகள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தபோது, தான் நிஜமாகவே வளர்ந்துவிட்டதாகத் தோன்றியது. கதவிடுக்கில் ராஜஸ்ரீ அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பவுன் அவளைக் கண்டாள், கண்டும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பின்னாட்களில் அவளை அரித்துத் தின்றது அந்தச் சிரிப்புதான். உடம்பில் இல்லாததைவிட, தங்கையின் நாளைத் தான் தின்றுவிட்டோம் என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

ராஜஸ்ரீக்கு அடுத்த வருஷம் ஒப்புக்கு ஒரு சடங்கு நடந்தது. இன்னொரு தரம் வர மாமனுக்குக் கைவசம் பணம் இல்லை. ஒரு புடவை மட்டும் பார்சலில் வந்தது.

பொய்யைச் சொல்வது சுலபம், மாதா மாதம் அதற்குச் சோறு போட வேண்டுமே. லீலா வீட்டில் மூன்று நாள் வெளியே உட்காரும் வழக்கம் உண்டு. முதல் வருஷம், ராஜஸ்ரீக்கு வரும்போதெல்லாம் பவுன் பாயைச் சுருட்டிக்கொண்டு நடையில் போய் உட்கார்ந்தாள். வயிற்று வலியோடு ராஜஸ்ரீ பள்ளிக்கூடம் போனாள். ராஜஸ்ரீயின் சடங்கும் முடிந்த பிறகு இருவருக்கும் தனித்தனி நாள் வேண்டியிருந்தது. பவுனுக்குத் தேதிக் கணக்கு ஓடாதே. ஒரு மாதம் இரண்டு தரம் போய் உட்கார்ந்துவிட்டாள். மேரி அக்கா பார்த்துவிட்டு, "இன்னாடி, போன வாரம்தானே குந்திக்கினு இருந்தே?" என்று கேட்க, பவுன் என்ன சொல்வதென்று தெரியாமல் பாயை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்றைக்கு லீலா அடித்த அடியில் முதுகு கன்றிப்போனது. வழியில் போகிற வருகிறவர்கள் காலை ஒதுக்கி நடக்க, ஒன்றுமே இல்லாமல் அந்த மூன்று நாள் பாயில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அந்தச் சுவரைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

பத்தாவதில் கணக்கு அவளைக் கவிழ்த்தது. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பக்கத்துப் பால்வாடியில் வேலை கிடைத்தது. அங்கே அவள் ராணி. அவளைவிடக் குள்ளமானவர்கள் உலகத்தில் அங்கேதான் இருந்தார்கள். மூன்று மொழியில் கதை சொல்லுவாள், அழுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொள்வாள். குழந்தை அழுதால் அழுகை, சிரித்தால் சிரிப்பு. உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது. அதுதான் அவளுக்குப் பிடித்தது. சின்ன வாய்களில் 'பாவூண் தாயி', பாவூண் அக்கா, என்று கூப்பிடும்போது மட்டும் அந்தப் பெயர் வலிக்கவில்லை.

தொண்ணூற்று எட்டில் தாய்மாமன் மகன் முரளி புனேயை ஒட்டிய போசரியில் ஒரு இன்ஜினியரிங் பட்டறையில் வேலை கிடைத்து வந்து இவர்கள் வீட்டிலேயே தங்கினான். அமைதியான பையன். நாள் முழுக்க லேத்தில் நின்றுவிட்டு வந்தாலும், பவுன் பால்வாடியில் நடந்ததைச் சொல்லும்போது உட்கார்ந்து கேட்பான். குள்ளம் என்பதை அவன் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சீர் கொண்டுவந்த மாமன் வீட்டுக்குத்தான் பெண் என்பது எழுதாத ஒப்பந்தம். பேச்சு எடுத்தார்கள், முடிவானது. பவுனுக்கு முரளியைப் பிடித்திருந்தது. அவன் பேசும்போது கேலி எது, நிஜம் எது என்று அவனே சொல்லிவிடுவான்.

லீலாவுக்குத்தான் கவலை. கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் பாயை எங்கே விரித்து மறைப்பது? காதும் காதும் வைத்தாற்போல் பவுனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீட்டில் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டார்கள். டாக்டர் வைஷாலி என்ற மராத்திக்காரப் பெண்மணி ரத்தம் எடுத்து அனுப்பினார். சில வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்.

அறை வாசலில் நோயாளிகள் விட்டிருந்த செருப்புகளைக் காட்டித்தான் டாக்டர் விளக்கினார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் என்று இருபத்து மூன்று ஜோடி இருக்கும். கடைசி ஜோடிதான் ஆணா பெண்ணா என்பதற்கு. பெண்ணுக்கு அதில் இரண்டு எக்ஸ். பவுனுக்கு அந்த ஜோடியில் ஒற்றைதான் இருக்கிறது, இன்னொன்று கருவிலேயே விட்டுப்போய்விட்டது. உயரம் நின்றுபோனது அதனால். மாதவிலக்கு வராதது அதனால். யார் செய்த தவறும் இல்லை. பிறகு டாக்டர் பவுனைப் பார்த்து, வழி தொலையுமா என்று கேட்டார். கணக்கு கஷ்டமா, முகத்தைப் பார்த்து ஆளின் மனசு தெரியாமல் தடுமாறுவாயா, பேச்சு மட்டும் நன்றாக வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பவுன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இந்த மாதிரிப் பெண்கள் பலருக்கும் இது உண்டு, நீ மக்கு இல்லை என்றார் டாக்டர். இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. நாற்பத்தாறில் நாற்பத்தைந்து இருக்கிறது என்றால் அது முக்காலைவிட எவ்வளவோ அதிகம் என்று அவளுக்கு வராத கணக்கையும் அன்றைக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

லீலாவின் காதில் இதெல்லாம் விழவில்லை. குழந்தை பிறக்குமா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். தானாகப் பிறக்க வழியில்லை என்றார் டாக்டர். உடனே லீலா, கல்யாணத்துக்குள் மாதவிலக்கு வரவைக்க மாத்திரை உண்டா என்று கேட்டாள். உண்டு, உடம்புக்கும் எலும்புக்கும் அந்த மாத்திரை எப்படியும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த டாக்டர், மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றும் சொன்னார்.

மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, இரண்டாயிரத்தின் தீபாவளிக்கு அது வந்தது. இருபத்திரண்டு வயதில். லீலா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நிஜமாக வந்த அன்றைக்கு யாரிடம் சொல்வது? ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிக் கொண்டாடி முடித்தாகிவிட்டதே. ஒரு கரண்டி சர்க்கரையைப் பவுன் வாயில் போட்டாள். சடங்கு அவ்வளவுதான்.

"முரளிகிட்ட வாயத் தொறந்துடாத. அதான் வந்துடுச்சில்ல. மிச்சத்த சாமி பாத்துக்கும்" என்றாள். பவுன் சரி என்றாள்.

தை மாதம் நிச்சயதார்த்தம். ஆரணியிலிருந்து மாமன் வீட்டார் பத்துப் பேர், சாளில் இருந்து பாதிப் பேர், அந்த ஒற்றை அறையிலும் நடையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்றியாயிற்று. பவுன் காதில் மாமன் போட்ட அதே கம்மல். மாமன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, எந்த மாமனும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"அடுத்த தைக்குள்ள பேரனைக் கையில குட்த்துடுவியாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். பவுன் சிரிக்கவில்லை. மாமா கேட்கிறார் என்று நினைத்தாள்.

"முடியாது மாமா. எனக்குப் புள்ள பொறக்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மாத்திரை போட்டு, போன தீபாவளிக்குத்தான் மொத தடவ எனக்கு வந்துச்சி."

முரளியிடம்தான் வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். மாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இது வெகுளித்தனமா, இல்லை அந்தப் பொய்யைச் சுமக்க முடியாமல் அவளே இறக்கி வைத்ததா என்று பிற்பாடு சாள் முழுக்கப் பட்டிமன்றம் நடந்தது. கேட்டால் அவளுக்கே தெரியாது என்றுதான் சொல்லுவாள்.

மாமன் முதலில் சிரித்தார். பிறகு தன் தங்கையைப் பார்த்தார். லீலா முகத்தில் எழுதியிருந்ததை அந்த அறையில் எல்லோரும் படித்துவிட்டார்கள், பவுனைத் தவிர.

"அப்போ அன்னிக்கி நான் யாருக்குச் சீர் கொணாந்தேன்?" என்று கேட்டார்.

டீ டம்ளர்கள் இருந்த தட்டோடு வாசலில் நின்ற ராஜஸ்ரீ, யார் முகத்தையும் பார்க்காமல், "எனக்கு" என்றாள்.

கோவிந்தராஜ் எழுந்து நடைக்குப் போய் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாமன் கத்தவில்லை. கத்தியிருந்தால் லீலா தாங்கியிருப்பாள்.

"கேட்டிருந்தா ரெண்டு பொண்ணுக்கும் கொணாந்திருப்பேனே லீலா. எங்கிட்ட கூடவா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்கால ரயிலுக்கே அவர்கள் போய்விட்டார்கள். முரளி போசரியில் பட்டறை ஆட்களோடு ஒரு அறையில் சேர்ந்துகொண்டான். இரண்டு நாள் கழித்து தன் பெட்டியை எடுக்க வந்தவன், பவுன் தனியாக இருந்தபோது, சொன்னது தப்பில்லை, தன்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம் என்றான். அப்பாவை மீறி அவனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் அவனே சொல்லிவிட்டான். அவளுக்கு எதையும் ஊகிக்க வராது என்று அவனுக்குத் தெரியும். பவுன் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் ஆரணிப் பக்கமே அவனுக்குப் பெண் எடுத்தார்கள்.

பவுன் கம்மலைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினாள்.

"உன்னுது."

ராஜஸ்ரீ வாங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கி நீ ரொம்ப அழகா இருந்தே அக்கா. எனக்கு அதான் கோவம்" என்றாள். பிறகு அதை அலமாரியில் சீப்பு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். அவள் அதைப் போட்டுக்கொண்டதும் இல்லை, தூக்கி எறிந்ததும் இல்லை.

லீலா குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் பிடிப்பது ராஜஸ்ரீ வேலையானது. சாளில் யாராவது உரக்கச் சிரித்தால் போதும், லீலா கதவைச் சாத்துவாள். கோவிந்தராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார், வருவார். மனைவியிடம் பேச்சு இல்லை. வீட்டில் எல்லோரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடமாடினார்கள், அந்தப் பத்தடி அறைக்குள் அது லேசான காரியமா? பவுன் மட்டும் வழக்கம்போல பால்வாடிக்குப் போனாள். குழந்தைகளின் அம்மாக்கள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள். அது பரிதாபமா ஏளனமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான். ஆனால் தன்னால்தான் இந்த வீடு இப்படி ஆயிற்று என்பது மட்டும் யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் அது மறுபடி வந்தது. எந்தத் தேதியையும் எண்ணாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், நிஜமாகவே வந்தது. காலையில் பவுன் பழைய வழக்கப்படி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடைக்குப் போனாள். குழாயடியில் மேரி அக்காவும் மற்றப் பெண்களும் வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் இப்போது எல்லாம் தெரியும். பவுன் குனிந்த தலை நிமிராமல் சுவரோரம் பாயை விரிக்கப் போனாள்.

கதவு திறந்தது. நாலைந்து வாரமாக வாசலைத் தாண்டாத லீலா வெளியே வந்தாள். அத்தனை பேர் பார்க்க, மகள் கையிலிருந்து பாயைப் பிடுங்கினாள்.

"உள்ள வா" என்றாள்.

பவுன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டிருந்தது, மூக்கு சிவந்திருந்தது, கண் எங்கேயோ பார்த்தது. அடிக்கத்தான் கூப்பிடுகிறாளோ என்று நினைத்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டாள்.

"கோவமா கீறியா, அழுவுறியாம்மா?"

லீலா பாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வெக்கமா கீதுடி."

"என்னாலயா?"

"இல்லடி. என்னால."

குழாயில் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது, யாரும் குடத்தை நகர்த்தவில்லை. பவுன் உள்ளே போனாள். லீலா பின்னாலேயே வந்து, தூங்கிக்கொண்டிருந்த ராஜஸ்ரீயின் பக்கத்தில் அந்தப் பாயை விரித்துப் போட்டாள்.